எரிபொருட்கலச் சவ்வும் உலோக அயனிகளும்

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இரசாயனக் கூடத்தோடு யாது தொடர்பு என்று இக்கட்டுரையைக் காணும் அன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். தொடர்பு எமது தவறு ஒன்றினால் உண்டாயிற்று. விடுதியில் எமக்கு அடுத்த அறையில் உறையும் அண்ணன் ஒருவர் இரசாயனச் சிறப்பு வகுப்பினர். அவர் உள்ளங்கையில் அடங்கத்தக்க எரிபொருட்கலம் ஒன்றைத் தம் ஆசிரியர் மேற்பார்வையிற் பொருத்தி, அதனால் ஒரு சிறு விசிறியைச் சுழலச் செய்து மகிழ்ந்து வந்தார். ஒரு நாள் மாலை அவர் ஊருக்குச் செல்ல நேர்ந்தமையின், கலத்திற்குரிய புதிய சவ்வினை வடிநீரில் இட்டு வைக்குமாறு எம்மைப் பணித்துச் சென்றார். வடிநீர்க் குப்பி வெறிதாயிருந்தது. யாம் விடுதிக் குழாயினின்று அரை லிட்டர் நீரைப் பிடித்து, அது பளிங்குபோல் தெளிந்திருத்தலை நோக்கி மனநிறைவெய்தி, சவ்வினை அதனுள் இட்டுவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அவர் மீண்டு வந்து கலத்தைப் பொருத்தினார். மின்னோட்டம் எடுக்காத பொழுது வோல்ட்டுமானி ஏறத்தாழ முன்போலவே காட்டிற்று. விசிறியைப் பூட்டியவுடன் அது சோம்பலாக இரண்டொரு முறை சுழன்று நின்றுவிட்டது. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "தம்பி, தண்ணீர் எங்கே எடுத்தாய்?" என்று மட்டும் வினவினார். அவ்வொரு வினாவிலிருந்து யாம் கற்றுக்கொண்டனவே ஈண்டு எழுதப்படுவன.

முதற்கண், எரிபொருட்கலம் என்பது யாது என்று அறிதல் வேண்டும். மின்சாரத்தைச் செலுத்தி நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கலாம் என்பது பள்ளி மாணாக்கரும் அறிந்ததே. அவ்விரு வாயுக்களையும் மீண்டும் சேரவிட்டு மின்சாரத்தைப் பெறுவதே இக்கலத்தின் தொழில். வேல்ஸ் நாட்டினரும் பின்னாளில் நீதிபதியாய் அமர்ந்தவருமாகிய வில்லியம் குரோவ் என்பார் 1839ஆம் ஆண்டில் இதனை முதன்முதற் செய்து காட்டினோருள் ஒருவர். கலம் என்னும் சொல் நம் மொழியில் உண்கலத்தையும் மரக்கலத்தையும் அணிகலத்தையும் குறித்து, இப்பொழுது மின்கலத்தையும் குறிக்கின்றது. எரிபொருளை எரியாமலே உண்டு பயன் தருவது ஆகலின், இதற்கு உண்கலம் என்னும் பொருளே மிகவும் பொருந்தும் போலும்.

ஹைட்ரஜன் அணு ஒன்று பிளாட்டினத் துகள் படிந்த மின்வாயின்மேல் வந்து எலக்ட்ரானை இழந்து, புரோட்டான் எனப்படும் நேரயனியாகின்றது. எலக்ட்ரான் வெளியேயுள்ள கம்பியின் வழியாகச் சென்று விசிறியைச் சுழற்றும். புரோட்டானோ கலத்தின் நடுவேயுள்ள சவ்வினுள் நுழைந்து மறுபுறம் சேரும். ஆண்டு ஆக்ஸிஜனும், சுற்றி வந்த எலக்ட்ரானும், ஊடுருவி வந்த புரோட்டானும் ஒருங்கு கூடி நீராகும். இவ்வாறு இரு வழியாற் பிரிந்தவை மீண்டும் கூடுவதனாலேயே நமக்குப் பயன் விளைகின்றது. எலக்ட்ரானும் சவ்வின் வழியே சென்றுவிடுமாயின் மின்சாரம் இல்லை. வாயுக்கள் இரண்டும் சவ்வைக் கடந்து கலக்குமாயின் மின்சாரம் இல்லாமையோடு தீங்கும் உண்டு. ஆகவே புரோட்டானுக்கு வழிவிட்டு, ஏனையவற்றைத் தடுக்கும் காவலனாகச் சவ்வு அமைந்துள்ளது.

அயனி என்னும் சொற்கு வேர் கிரேக்க மொழியில் உள்ளது. செல்வது என்பது அதன் பொருள். 1834ஆம் ஆண்டில் ஃபாரடே என்னும் பேரறிஞர், கேம்பிரிட்ஜில் இருந்த ஹ்யூவெல் என்பாரை வினவி இப்பெயரை ஏற்றுக்கொண்டார். செல்வது என்று பெயர் பெற்றதொன்று செல்லாது நின்றுவிட்டால் நேரும் இடரே இக்கட்டுரையின் பொருள்.

நிற்க. இத்தகைய சவ்வு எளிதிற் கிடைத்ததன்று. அமெரிக்க நாட்டின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் தாமஸ் கிரப் என்பார் 1955ஆம் ஆண்டில் அயனி மாற்றும் பிசின் தகட்டைக் கலத்தின் நடுவே வைக்கலாம் என்று கண்டார். லெனர்ட் நீட்ராக் என்பார் சில ஆண்டு கழித்து அதன்மேற் பிளாட்டினம் படிவிக்கும் முறையைக் கண்டார். 1965 ஆகஸ்டில் விண்ணிற் சென்ற ஜெமினி 5 என்னும் கலத்தில் இவ்வகை மின்கலங்கள் பூட்டப்பட்டிருந்தன. ஆயினும் அக்காலத்துச் சவ்வு பாலிஸ்டைரீன் என்னும் பொருளால் ஆயது. இயங்குங்கால் சிறிது சிறிதாகச் சிதைந்தது. அதனினின்று வெளிப்பட்ட பொருள்கள் கலந்தமையின், கலத்தில் உண்டான நீர் விண்வெளி வீரர் பருகுதற்கு ஏலாததாயிற்று. பின்னர் டூபாண்ட் கம்பெனியில் வால்தர் குரோட் என்பார் 1960களில் இயற்றிய நஃபியான் என்னும் பொருளே இன்றளவும் பெருவழக்காக உள்ளது.

நஃபியானின் முதுகெலும்பு, ஒட்டாத தோசைக்கல்லின்மேற் பூசப்படும் டெஃப்லானைப் போன்றதே. கார்பனும் ஃபுளோரினும் வன்மையாகப் பிணைந்த நெடுந்தொடர். அதனினின்று கிளைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சல்ஃபோனிக் அமிலத் தொகுதி ஒன்று உண்டு. முதுகெலும்பு நீரை வெறுக்கும். கிளைநுனி நீரை விழையும். ஆதலின் சவ்வினுள் நுண்ணிய நீரோடைகள் தாமே அமைகின்றன. அவ்வோடைகளின் கரைதோறும் எதிர்மின்னேற்றம் உடைய நுனிகள் அசையாது நிற்கின்றன. அவற்றின் அயலே நேர்மின்னேற்றமுடைய புரோட்டான்கள் உலவுகின்றன. தீப்பற்றிய வீட்டிற்கு வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவார் போல, நீர் மூலக்கூறுகள் புரோட்டானைக் கைமாற்றிச் செலுத்துகின்றன. இங்ஙனம் கைமாற்றிச் செல்லும் முறையை 1806ஆம் ஆண்டிலேயே குரோத்தஸ் என்னும் இளைஞர் நீரைப்பற்றி உய்த்துணர்ந்து எழுதினார்.

இனிக் கேடு யாங்ஙனம் புகுகின்றது என்பதைக் காண்போம். கிளைநுனிக்கு வேண்டுவது நேர்மின்னேற்றம் உடைய துணை ஒன்றே. அத்துணை புரோட்டானாகத்தான் இருத்தல் வேண்டும் என்னும் நியதி அதற்கு இல்லை. சோடியம் வந்தாலும் ஏற்கும், கால்சியம் வந்தாலும் ஏற்கும், இரும்பு வந்தாலும் ஏற்கும். ஏற்பது மட்டுமன்று, புரோட்டானை விடுத்து உலோக அயனியையே மிக விரும்பும். இரட்டை மின்னேற்றமுடைய கால்சியமும் மும்மை ஏற்றமுடைய இரும்பும் ஒருங்கே இரண்டு மூன்று நுனிகளைப் பற்றி உறுதியாக அமர்ந்துவிடும். புரோட்டானுக்கு வழிவிடுமாறு செய்த அதே இயல்புதான் உலோகத்திற்கும் கதவைத் திறந்துவிடுகின்றது. கதவை அடைத்தால் இருவர்க்கும் அடைபடும். இத்துறையின் முடிச்சு இதுவே எனலாம்.

இவ்வயனி மாற்றம் புதிதாகக் கண்டதும் அன்று. 1850ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாம்ப்சன், வே என்னும் இருவர், அம்மோனியா உரத்தைக் கரைத்து வயல் மண்ணின் வழியே வடியவிட்டால், மண் அம்மோனியாவை வைத்துக்கொண்டு அதற்கு ஈடாகக் கால்சியத்தை வெளிவிடுதலை எடுத்துக் காட்டினர். உப்பு நீர் மிகுந்த ஊர்களில் இல்லங்கள்தோறும் வைக்கப்படும் மென்னீர்க் கருவியும் இவ்வாறே கால்சியத்தை வாங்கிச் சோடியத்தைக் கொடுக்கின்றது. யாம் அன்றிரவு அறியாமற் செய்ததும் இதுவே. எமது அரை லிட்டர் நீர் சவ்வினால் மென்மையாக்கப்பட்டது. சவ்வு எம் நீரினாற் கெடுக்கப்பட்டது.

எவ்வளவு நீர் போதும் என்று அண்ணன் ஒரு தாளிற் கணக்கிட்டுக் காட்டினார். எமக்குக் கணக்கில் ஆர்வம் குறைவாயினும் இது நெஞ்சிற் பதிந்தது. அச்சவ்வு 5 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் 0.05 மி.மீ. தடிப்பும் உடையது, எடை ஏறத்தாழக் கால் கிராம். வழக்கமான நஃபியானில் 1,100 கிராமுக்கு ஒரு மோல் அமிலநுனி உண்டு. அக்கணக்கின்படி எமது சவ்விலுள்ள நுனிகள் அனைத்தையும் நிரப்புதற்கு நாலரை மில்லிகிராம் கால்சியம் போதும். குடிநீருக்கு இந்திய நியமம் ஏற்புடையதெனக் கூறும் கடினத்தன்மையின் வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம். அத்தகைய நீரில் வெறும் 60 மில்லிலிட்டருக்குள் அவ்வளவு கால்சியம் அடங்கியுள்ளது. யாம் ஊற்றியதோ 500 மில்லிலிட்டர். குடித்தற்கு எள்ளளவும் குறையில்லாத நீர் அச்சவ்விற்கு எட்டு மடங்கு மிகையான நஞ்சாயிற்று. கண்ணுக்குத் தெளிவு என்பது வேறு, கலத்திற்குத் தூய்மை என்பது வேறு.

கால்சியம் புகுந்த சவ்வின் நிலை யாது? முதலாவது, புரோட்டானுக்குரிய இடங்கள் பறிபோயினமையின் கடத்துந்திறன் பல மடங்கு குறையும். இரண்டாவது, உலோக அயனிகள் நிறைந்த சவ்வு முன்போல் நீரைக் கொள்ளாது. நீர் குறையின் ஓடைகள் சுருங்கும். சுருங்கவே எஞ்சிய புரோட்டானும் இடர்ப்படும். மூன்றாவதொன்று உண்டு; அதுவே எமக்கு வியப்பளித்தது. புரோட்டான் மறுகரை சேர்ந்ததும் நீராகித் தன் தொழிலை முடித்துவிடும். கால்சியமோ மின்விசையால் அதே திசையில் உந்தப்பட்டு ஆக்ஸிஜன் பக்கத்து மின்வாயருகே சென்று சேரும். ஆனால் ஆண்டு அதற்கு ஒரு தொழிலும் இல்லை. நீராகவும் ஆகாது, வெளியேறவும் மாட்டாது. அங்கேயே திரண்டு நின்று, பின்னால் வரும் புரோட்டானின் வழியை மறிக்கும். திருவிழாக் கூட்டத்தில் தேர்நிலை வரை சென்று, திரும்பவும் வகையின்றி நெருங்கி நிற்பார் போன்றது அந்நிலை. மின்னோட்டத்தை நிறுத்தினால் அவை மெல்ல மீண்டு சவ்வெங்கும் பரவும். ஓட்டினால் மறுபடியும் நெருக்கம் உண்டாகும். ஓட்டமின்றி நின்ற கலம் நலமுற்றதுபோற் காட்டி, விசிறியைப் பூட்டியவுடன் சோர்ந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

ஆயினும் இக்கேடு மீட்கத்தக்கதே. அண்ணன் கலத்தைப் பிரித்துச் சவ்வினை எடுத்து, நீர்த்த கந்தகாமிலத்தில் ஒரு மணி நேரம் காய்ச்சி, பின்னர் வடிநீரிற் பலமுறை அலசினார். அமிலத்தில் புரோட்டான் அளவிறந்து நிறைந்துள்ளமையின், விருப்பம் எதுவாயினும் எண்ணிக்கையே வென்று, கால்சியம் இடத்தைக் காலிசெய்து வெளியேறுகின்றது. மென்னீர்க் கருவியை உப்புக் கரைசலாற் புதுப்பித்தலும் இம்முறையே. மறுநாள் விசிறி சுழன்றது. எமக்கும் உறக்கம் வந்தது. ஆனால் ஓடுகின்ற மோட்டார் வண்டியினுள் நூற்றுக்கணக்கான கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பிரித்துச் சவ்வு சவ்வாக அமிலத்திற் காய்ச்சுதல் இயலுவதன்று.

விசிறி சுழலக் கண்டு யாம் மகிழ்ந்திருந்தபோது அவர், "குழாய் துருப்பிடித்ததாக இருந்திருந்தால் இப்படித் தப்பித்திருக்க மாட்டோம்" என்றார். இரும்பு விளைக்கும் கேடு வேறு வகையது. கால்சியம் இடத்தைக் கவர்வது. இரும்போ வீட்டையே இடிப்பது.

1894ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞராகிய ஃபெண்டன் என்பார் டார்டாரிக் அமிலத்தைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். டார்டாரிக் அமிலம் என்றவுடன் அயலான பொருளென்று மயங்க வேண்டா. நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருவது அதுவே. அதனோடு ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சேர்த்து இரும்புப்பினைச் சிறிதளவு இட்டால் வேகமாக ஆக்ஸிகரணம் நிகழ்தலை அவர் கண்டார். இரும்பு பெராக்ஸைடை உடைத்து ஹைட்ராக்ஸில் என்னும் தனியுறுப்பைத் தோற்றுவிக்கின்றது என்று 1934ஆம் ஆண்டில் ஹேபரும் வைஸும் விளக்கினர். இத்தனியுறுப்பு எதிர்ப்பட்ட எதனையும் தாக்க வல்லது. தோன்றிய இடத்திலேயே எதையேனும் சிதைத்துத் தானும் மறையும்.

கலத்தினுள் பெராக்ஸைடு எவ்வாறு வந்தது எனின், சவ்வு எவ்வளவு சிறந்ததாயினும் வாயுக்கள் அணுவளவேனும் அதனூடே கசிந்துகொண்டுதான் இருக்கும். கசிந்த ஆக்ஸிஜன் மறுபுறம் பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜனைச் சந்தித்து முற்றும் நீராகாது அரைகுறையாய்ப் பெராக்ஸைடு ஆகின்றது. ஆக்ஸிஜன் பக்கத்தும் சிறிது உண்டாகின்றது. பெராக்ஸைடு தனித்திருக்கும்வரை பெருந்தீங்கு இல்லை. இரும்பு அயனி ஒன்று அருகிருப்பின் ஃபெண்டன் கண்ட வினை தொடங்கும். அவ்வினையில் இரும்பு செலவாவதில்லை என்பது நோக்கத்தக்கது. ஈரேற்ற இரும்பு மூவேற்றமாகி, மீண்டும் ஈரேற்றமாகி, ஓயாது தன் தொழிலை நடத்தும். மா முழுவதையும் புளிக்கச் செய்யும் சிறிது புளித்த மாவை நம் வேதமாணவர் ஈண்டு நினைவுகூர்வர்.

ஹைட்ராக்ஸில் தனியுறுப்பு டெஃப்லான் போன்ற முதுகெலும்பின் நடுவே எளிதிற் பற்றாது. ஆனால் நெடுந்தொடரின் கடைமுனையில் செய்முறையின் எச்சமாகக் கார்பாக்ஸில் தொகுதி ஒன்று நிற்பதுண்டு. அதனைத் தனியுறுப்பு தாக்கின் முனைக்கண்ணி ஒன்று கழன்று கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜன் ஃபுளோரைடாகவும் நீங்கும். நீங்கியபின் எஞ்சிய முனையிலும் கார்பாக்ஸில் தொகுதியே புதிதாய்த் தோன்றும். மீண்டும் தாக்கு, மீண்டும் ஒரு கண்ணி குறைவு. துணியின் கரையில் இழை ஒன்றைப் பற்றி இழுக்க ஆடை முழுவதும் பிரிந்து வருதல் போன்றது இது. தொங்கும் கிளைகளும் இவ்வாறு தாக்குண்ணும். சவ்வு நாளடைவில் மெலிந்து, ஊசித்துளைகள் உண்டாகி, வாயுக்கள் கலக்கத் தொடங்கும். அமிலத்தில் எத்துணை முறை காய்ச்சினும் இழந்த இழை மீளாது.

அளவையும் கருதுக. கால்சியத்தை மில்லிகிராமில் எண்ணினோம். இரும்பை மைக்ரோகிராமில் எண்ண வேண்டும். சவ்வின் எடையில் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு இரும்பு புகுந்ததாகக் கொள்வோம். எமது கால் கிராம் சவ்விற்கு அஃது இரண்டரை மைக்ரோகிராம். அவ்விரும்பு முழுவதும் மும்மை ஏற்றமுடையதாயினும் ஆயிரம் நுனிகளுள் ஒன்றைக்கூட அது கவராது. கடத்துந்திறனில் யாதொரு குறைவும் தோன்றாது. விசிறி நன்கு சுழலும். அப்பொழுதும் உள்ளே சிதைவு நடந்துகொண்டேயிருக்கும். முதற்கேடு தன்னை உடனே காட்டிக்கொடுத்துத் திருத்தப்படுவது. இரண்டாவது கேடோ மறைந்திருந்து, வெளிப்படுங்கால் காலம் கடந்துவிடுவது. ஆதலின் ஆய்வாளர் மின்சாரத்தை மட்டும் அளந்து அமைவதில்லை. கலத்தினின்று வடியும் நீரை ஏந்தி அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சோதிக்கின்றனர். மருத்துவர் நோயாளியின் நீரைச் சோதித்து உள்ளுறுப்பின் நிலையை அறிவது போன்றது அது. புதுச் சவ்வின் உறுதியைச் சோதிப்பதும் இவ்வழியே: பெராக்ஸைடுக் கரைசலில் சிறிது இரும்பு அயனியை இட்டு, ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில் சவ்வினை அதனுள் மூழ்கவைத்து, ஃபுளோரைடு வெளிப்படும் வேகத்தைக் குறிப்பர்.

இரும்பு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. கலங்களை அடுக்குங்கால் இடையிடையே வைக்கப்படும் தகடுகள், விலை குறைவும் வலிமையும் கருதித் துருப்பிடியா எஃகினால் ஆக்கப்படுதல் உண்டு. துருப்பிடியா எஃகும் அமிலத்தன்மையுள்ள வெந்நீரின்முன் சிறிது கரையும். இரும்பும் நிக்கலும் குரோமியமும் அயனியாய் வெளிப்படும். அவை சவ்வைச் சிதைக்க, சிதைந்த சவ்வினின்று ஹைட்ரஜன் ஃபுளோரைடு வெளிவர, அது எஃகை மேலும் அரிக்க, மேலும் இரும்பு புகும். இச்சுழல் தொடங்கியபின் நிறுத்துதல் அரிது. டொயோட்டா கம்பெனியார் 2014 டிசம்பரில் விற்பனைக்கு விடுத்த மிராய் வண்டியில் டைட்டானியத் தகடுகளைக் கொண்டனர். வேறு சிலர் எஃகின்மேற் பொன்னையோ கார்பனையோ மெல்லிதாகப் பூசுவர். குழாய்கள், ஈரமூட்டும் கருவிகள், கசிவு தடுக்கும் வார்கள் ஆகியவையும் அயனிகளைக் கசியவிடக் கூடியனவே. பிளாட்டினத்தோடு கோபால்ட்டைக் கலந்து செய்யும் வினையூக்கியினின்று கோபால்ட்டு கரைந்து சவ்வை அடைதலும் உண்டு. கடற்காற்றில் உப்பு உண்டு என்பதைக் கரையோரத்தார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. கங்கையில் ஓடுதற்பொருட்டுக் கொச்சியிற் கட்டிய எரிபொருட்கலப் படகு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைக்கப்பட்டபோது நம்மிற் பலர் செய்தித்தாளிற் படித்தோம். இத்தகைய கலங்கள் கடலில் ஓடுங்காலத்து, உள்ளிழுக்கும் காற்றைச் சல்லடையிட்டு உப்பு நீக்குதல் இன்றியமையாதது.

இவ்வளவும் கேட்டபின், உலோகம் யாவும் சவ்விற்குப் பகை என்று யாம் முடிவு கட்டினோம். அண்ணன் நகைத்து, சீரியம் என்னும் உலோகத்தை ஆக்குவோரே வேண்டுமென்று சவ்வினுள் இடுகின்றனர் என்றார். சீரியம் அயனி ஹைட்ராக்ஸில் தனியுறுப்பைக் கண்டவிடத்து எலக்ட்ரான் ஒன்றை ஈந்து அதனை நீராக்கி அடக்கிவிடும். எலக்ட்ரானை இழந்த சீரியம் பெராக்ஸைடினிடத்து அதனை மீளப் பெற்றுப் பழைய நிலையை அடையும். இரும்பைப்போலவே இதுவும் இரு நிலைகளுக்கிடையே ஊசலாடி, செலவாகாமலே ஓயாது தொழில் செய்கின்றது. இரும்பின் ஊசலாட்டம் தனியுறுப்பை ஆக்குகின்றது, சீரியத்தின் ஊசலாட்டம் அழிக்கின்றது. மாங்கனீசும் இக்குணம் உடையது. தொடரின் கடைமுனைகளை ஃபுளோரினால் முன்னதாகவே மாற்றி அமைத்தலோடு இம்மருந்தும் சேர்ந்தமையின் சவ்வின் வாழ்நாள் மிகவும் நீண்டது.

ஆனால் மருந்தும் அளவோடு இருத்தல் வேண்டும். சீரியமும் மும்மை ஏற்றமுடைய அயனியே ஆகலின், அதுவும் மூன்று புரோட்டானின் இடத்தைப் பற்றிக்கொண்டுதான் அமரும். மிகையாயின் கால்சியம் செய்த கேட்டையே செய்யும். அன்றியும் அஃது இட்ட இடத்தில் நில்லாது. மின்விசை அதனை ஆக்ஸிஜன் பக்கத்திற்கு இழுக்கும். சவ்வின் ஒருபால் ஈரமும் ஒருபால் வறட்சியும் இருப்பின் நீரோடு சேர்ந்து அதுவும் இடம்பெயரும். பெயர்ந்து சென்றால் ஓரிடம் காவலின்றி வெறிதாய் நிற்க, மற்றோரிடம் நெரிசலுறும். செல்வது என்று கிரேக்கர் மொழியினின்று பெயரிட்டது பொருத்தமே. அதனைச் சவ்வின் இழையோடு பிணைத்து நிறுத்துதற்கு வழி தேடுவார் இப்போது பலர்.

அண்ணன் சீரியம் இட்ட சவ்வு ஒன்றையும் இடாத சவ்வு ஒன்றையும் இணையாக ஓட்டிப் பார்க்கத் தொடங்கியுள்ளார். இரு கலங்களினின்றும் வடியும் நீரை நாள்தோறும் தனித்தனிக் குப்பியில் ஏந்தி நாளிட்டு வைக்கும் பணி எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டுள்ளது. குப்பிகளை எந்நீராற் கழுவ வேண்டும் என்பதை மட்டும் அவர் எமக்கு இருமுறை சொன்னார்.